வாய் திறக்காத சைரன்

ரிமோட்டை அழுத்தினால் கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, இண்டிகேட்டர் ஒருமுறை மின்னுகிறது, ஆனால் வழக்கமாக வரும் 'கீச்' சத்தம் மட்டும் வரவில்லை. இது ஒரு வகைக் கோளாறு. நள்ளிரவில் யாரும் தொடாமலேயே கார் அலறி, தெருவே எழுந்து உட்காருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஆக்சஸரீஸ் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "செட்டே போயிடுச்சு சார், புதுசு போட்டுக்குங்க." செட் முழுக்கப் போவது உண்மையில் அபூர்வம். எலி கடித்த வயர், துருப்பிடித்த எர்த் போல்ட், மழைநீர் குடித்த சைரன், ஒட்டிக்கொண்ட பானெட் சுவிட்ச் என்று காரணம் சின்னதாகத்தான் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர், ஒரு 5 வாட் பல்ப், இரண்டு துண்டு வயர், கொஞ்சம் பொறுமை போதும்.

இங்கே பேசுவது கார் வாங்கிய பிறகு கடையில் பொருத்திய அலாரத்தைப் பற்றி. மாருதி 800, சான்ட்ரோ, இண்டிகா காலத்திலிருந்து, டாப் மாடல் வாங்காதவர்கள் ரிமோட் சென்ட்ரல் லாக்கோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் வகை இது. கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வரும் கார்கள் பலவற்றில் தனியாகச் சைரனே கிடையாது. வண்டியின் ஹாரனையே அலாரமும் அடிக்கும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஸ்டியரிங்கில் இருக்கும் ஹாரனை அடித்துப் பாருங்கள். அலாரம் அடிக்கும்போது வரும் சத்தமும் ஹாரன் சத்தமும் ஒன்றே என்றால் தேடவேண்டியது ஹாரனின் ஃபியூஸையும் ரிலேவையும்தான். சைரனைத் தேடி பானெட்டுக்குள் தலையை விடவேண்டியதில்லை.

கடையில் பொருத்திய அலாரத்தின் அமைப்பு எளிது. டேஷ்போர்டுக்கு அடியில், பெரும்பாலும் ஸ்டியரிங் பக்கமாக, ஒரு கறுப்புப் பெட்டி கட்டப்பட்டிருக்கும். அதுதான் மெயின் யூனிட். கதவு, டிக்கி, பானெட் ஆகியவற்றின் சுவிட்சுகளிலிருந்தும் அதிர்வை உணரும் ஷாக் சென்சாரிலிருந்தும் வயர்கள் அதற்குள் வருகின்றன. அதிலிருந்து இண்டிகேட்டருக்கும், கதவுப் பூட்டு மோட்டார்களுக்கும், சைரனுக்கும் வயர்கள் போகின்றன. சைரன் வயர் டேஷ்போர்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு ரப்பர் துளை வழியாக வெளியே வந்து, பேட்டரிக்குப் பக்கத்திலோ பக்கவாட்டுத் தகட்டிலோ மாட்டியிருக்கும் சைரனைச் சேரும். சாதாரண சைரனுக்கு இரண்டே வயர்கள்: சிவப்பு மெயின் யூனிட்டிலிருந்து வருவது, கறுப்பு அருகிலேயே வண்டியின் பாடியில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருப்பது.

ஆக, சத்தம் வரவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கவேண்டும். கட்டளை தரும் பெட்டி, நடுவிலுள்ள வயர், சத்தம் போடும் சைரன். எங்கே முதலில் கை வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

பானெட்டைத் திறக்கும் முன்

கருவிகளை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, சத்தத்தை நீங்களே அணைத்துவிட்டீர்களா என்பது. பெரும்பாலான ரிமோட்டுகளில் சத்தமில்லாமல் பூட்டுவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டது போலவோ, மணியைக் குறுக்கே வெட்டியது போலவோ அதில் வரைந்திருக்கும். சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் கிடக்கும்போது அது அழுந்தி, அலாரம் மௌன நிலைக்குப் போயிருக்கலாம். இன்னொன்று வேலே மோட். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அலாரம் தொந்தரவு செய்யாமல் இருக்க, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒரு சின்ன சுவிட்சால் அதைத் தூங்க வைப்பார்கள். திரும்ப எழுப்ப மறந்துவிடுவதும் உண்டு. டேஷ்போர்டில் சிமிட்டிக்கொண்டிருக்க வேண்டிய சின்ன எல்.இ.டி. விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் வண்டி அந்த நிலையில்தான் இருக்கிறது. சர்வீஸிலிருந்து வந்த அன்றைக்கே சைரன் நின்றுபோனது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது, காரின் பேட்டரி. வண்டி சில மணி நேரமாவது சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் சைரனை விட்டுவிட்டு முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். வலுவிழந்த பேட்டரி சைரன் சத்தத்தைக் கம்மிப்போன குரலாக்கும். சில யூனிட்டுகளைக் குழப்பித் தவறாக அலறவும் வைக்கும்.

காது, ஃபியூஸ், மஞ்சள் வயர்

பானெட்டைத் திறந்தபின் முதலில் நினைவில் வைக்கவேண்டியது சைரனின் சத்தம். அட்டைப்பெட்டியில் 115, 120 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. பேட்டரிக்கு மேல் குனிந்து சைரன் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு சோதிப்பது காதுக்குச் செய்யும் துரோகம். சைரன் வாயில் ஒரு பழைய துண்டை நன்றாகத் திணித்து, மேலே இன்னொன்றைச் சுற்றிக்கட்டுங்கள். காதிலும் அடைப்பான் இருக்கட்டும்.

கார் பேட்டரியில் ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு முனையையும் ஒரு ஸ்பேனர் தொட்டுவிட்டால் ஸ்பேனரே பழுக்கும். மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கைக்கடிகாரப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சோதனைக்குப் பயன்படுத்தும் வயரின் நடுவில் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். தவறுதலாக எங்காவது உரசினாலும் ஃபியூஸோடு போகும், வயர் எரியாது. டேஷ்போர்டுக்கு அடியில் கை விடும்போது மஞ்சள் உறை போட்ட வயரையும் மஞ்சள் கனெக்டரையும் தொடாதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகிறவை. மல்டிமீட்டரைக்கூட அவற்றில் வைக்கக்கூடாது.

பாதி வேலையை முடிக்கும் சோதனை

சைரனைக் கண்டுபிடியுங்கள். உள்ளங்கை அளவில் கறுப்புப் பிளாஸ்டிக், புனல் போல விரிந்த வாய், வளைந்த ஒரு தகட்டுப் பட்டையில் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும். பக்கவாட்டில் சாவி போடும் துளை இருந்தால் அது உள்ளேயே பேட்டரி வைத்த வகை. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது, பின்னால் வருகிறேன்.

இரண்டு வயர் சைரன் என்றால் சிவப்பு வயரின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். கனெக்டர் இருந்தால் கழற்றுவது சுலபம். முறுக்கி டேப் ஒட்டியிருந்தால் டேப்பைப் பிரியுங்கள். கறுப்பு வயரையும் பாடியிலிருந்து கழற்றுங்கள். இப்போது சைரன் காரிலிருந்து முழுதும் பிரிந்துவிட்டது. ஃபியூஸ் போட்ட வயரால் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சைரனின் சிவப்புக்கும், இன்னொரு வயரால் மைனஸிலிருந்து கறுப்புக்கும் நேராகக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், சைரனுக்குள் சின்ன எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, தலைகீழ் இணைப்பு அதற்கு ஆகாது. கார் பேட்டரியோடு விளையாடத் தயக்கமாக இருந்தால் சைரனைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய், கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலோ பைக் பேட்டரியிலோ கொடுத்துப் பார்க்கலாம். அங்கேயும் ஃபியூஸ் வேண்டும்.

அலறினால் சைரன் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வயரையும் பெட்டியையும் தேடுங்கள். அலறாவிட்டால், கம்மிக் கரகரத்தால், சைரன்தான் குற்றவாளி. வயரைத் தொடவே வேண்டாம். எந்தக் கடைக்காரர் செட்டை மாற்றச் சொன்னாலும் இந்த ஒரு சோதனையை முடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சிலர் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து சைரனின் இரண்டு வயரையும் தொட்டுப் பார்த்து, "ஒன்றும் காட்டவில்லை, காயில் போய்விட்டது" என்பார்கள். அது தவறான சோதனை. வயர் நேராகக் காயிலுக்குப் போவதில்லை. நடுவில் போர்டு இருக்கிறது. மீட்டர் காட்டும் எண் போர்டைப் பற்றியது. சைரனைப் பிரித்து உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் முனைகளில் நேராக வைத்தால்தான் காயிலின் ஓம் தெரியும். ஒற்றை இலக்கத்தில் ஏதாவது ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது.

சைரன் செத்துப்போவதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அது மாட்டியிருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் இன்ஜின் சூடு, மறுபக்கம் மழைநாளில் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர். வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டிவிட்டால் வாட்டர் வாஷில் பீய்ச்சும் தண்ணீர் முழுக்க உள்ளே போய்த் தங்கும். சைரனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகுவதும், உள்ளே இருக்கும் தகடு துருவேறிப் பொரிந்திருப்பதும் அதனால்தான். சில நேரம் புனலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் குளவி மண் பூசிக் கூடு கட்டியிருக்கும். வெகுநாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இது நடக்கும். மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால் போன குரல் திரும்பி வந்துவிடவும் கூடும்.

தண்ணீர் போன சைரனை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துப் பார்க்கலாம். வந்தால் லாபம். வராவிட்டால் சைரன் மட்டும் வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மற்ற ஊர்களில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெரு எதுவோ அங்கே, இரண்டு வயர் 12 வோல்ட் சைரன் தனியாகவே கிடைக்கும். முழு செட்டின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். பழைய சைரனைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைவிட அதிக வாட் கேட்காதீர்கள். மெயின் யூனிட் அதைத் தாங்காமல் போகலாம். புதியதை மாட்டும்போது வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், சைலன்ஸர் குழாய்க்கு எட்டத் தள்ளியிருக்கட்டும்.

மல்டிமீட்டர் சொல்லும் பொய்

சைரன் நன்றாக இருக்கிறது, ஆனால் காரில் மாட்டினால் பேசவில்லை. இங்கேதான் பலரும் வழிதவறுகிறார்கள். வயரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் அழகாக 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருதே, அப்புறம் ஏன் அடிக்கல?" என்று தலையைச் சொறிவோம்.

மல்டிமீட்டர் தன் வழியாகக் கரண்ட்டை ஓடவிடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்கிறது. வயரின் பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும், இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும், மீட்டருக்கு அது போதும். சைரன் அப்படியல்ல, அது ஓடும்போது ஒரு ஆம்பியர் அளவுக்குக் கரண்ட்டை இழுக்கும். அடைத்துப்போன குழாயில் தண்ணீர்த் தொட்டியின் அழுத்தம் முழுக்க இருந்தும், குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வருமே, அதே கதைதான். கணக்கிலும் பார்க்கலாம். களிம்பேறிய இணைப்பில் 5 ஓம் தடை இருந்து, சைரன் 1 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் அந்த இணைப்பிலேயே தொலைந்துபோகும். 12-ல் மிச்சம் 7 வோல்ட்தான் சைரனுக்கு. அதற்குக் குரல் எழும்பாது.

அதனால் மீட்டருக்குப் பதில் பல்ப். கார்களின் பார்க்கிங் விளக்கில் போடும் 5 வாட் பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப். எல்.இ.டி. போட்ட டெஸ்டர் வேண்டாம். அதுவும் மீட்டர் போலத் துளிக் கரண்ட்டில் எரிந்து ஏமாற்றும். பெரிய பல்ப் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று பிரேக் லைட்டின் 21 வாட் பல்பையும் போடாதீர்கள். குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். மெயின் யூனிட்டின் சைரன் டிரான்சிஸ்டர் அந்த ஒரு நொடியில் போய்விட வாய்ப்புண்டு.

சைரன் இருந்த இடத்தில் பல்பை மாட்டுங்கள்: காரிலிருந்து வரும் சிவப்பு வயர் பல்பின் ஒரு முனைக்கு, மறுமுனை நேராக பேட்டரி மைனஸுக்கு. பூட்டும்போது வரும் 'கீச்' கண்சிமிட்டும் நேரம்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரிமோட்டில் பேனிக் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைப் பூட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, கையை உள்ளே விட்டு உள்பக்கக் கைப்பிடியால் கதவைத் திறங்கள். அலாரம் முழு வீச்சில் ஓடும். ஓடும், ஆனால் சத்தம் வராது. சைரனுக்குப் பதில் பல்ப் இருக்கிறதே. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

பல்ப் பளிச்சென்று எரிந்தால் பெட்டியும் சிவப்பு வயரும் சரி. அப்படியானால் எர்த்தில்தான் கோளாறு. இப்போது பல்பின் மறுமுனையை பேட்டரியிலிருந்து எடுத்து, சைரனின் கறுப்பு வயர் இறுக்கியிருந்த பாடி போல்ட்டில் வையுங்கள். மங்கினாலோ அணைந்தாலோ போல்ட்டைக் கழற்றி, அடியிலிருக்கும் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளபளக்கும்படி செய்து மீண்டும் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவினால் திரும்பத் துருப்பிடிக்காது. கடைக்காரர்கள் அவசரத்தில் பெயின்ட் மேலேயே எர்த் போல்ட் போட்டுவிடுவது சகஜம். சில வருடம் ஒப்பேறும், பிறகு மழைக்காலத்தில் காலை வாரும்.

பல்ப் மங்கலாக எரிந்தால் சிவப்பு வயரில் எங்கோ தடை. எரியவே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது பெட்டியிலிருந்தே வரவில்லை. வயரைக் கையால் தொட்டுக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். எலி கடித்த இடம் தப்பாமல் தெரியும். உறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கப்பட்டு, அடியில் செம்பு புதிதாக மின்னும். பேட்டரி தட்டில் பிளாஸ்டிக் துணுக்குகள் சிந்தியிருக்கும். அடுத்தது, தகட்டுச் சுவரின் துளை. ரப்பர் கிராமெட் இல்லாமல் வெறும் துளையில் வயரை நுழைத்திருந்தால் தகட்டின் விளிம்பு வயரை அறுத்திருக்கும். அந்த இடத்தில் வயர் பாடியோடு உரசி ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸும் போயிருக்கும். மூன்றாவது, முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு கறுத்துப்போயிருக்கும். கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிதாக உரித்து, முடிந்தால் சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். சோதிப்பதற்காக வயரின் உறையில் குண்டூசி குத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழையில் ஈரம் ஏறும்.

வழியெல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் பெட்டிதான். டேஷ்போர்டுக்கு அடியில் மெயின் யூனிட்டின் கனெக்டருக்கு அருகே சைரன் வயரில் இதே பல்ப் சோதனையைச் செய்யுங்கள். இண்டிகேட்டர் மின்னுகிறது, கதவு பூட்டுகிறது, சைரன் வயரில் மட்டும் எதுவும் வரவில்லை என்றால் அந்த ஒரு வெளியீட்டை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகியிருக்கிறது. பெரும்பாலும் பழைய ஷார்ட் ஒன்றின் பலன். இதற்கும் முழு செட்டை மாற்ற வேண்டுமென்பதில்லை. டி.வி., ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர்களில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தால் பல நேரம் மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆனால் பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கும் முன் ஒரு எச்சரிக்கை: திருட்டைத் தடுக்க ஸ்டார்ட்டர் வயரையோ பெட்ரோல் பம்ப் வயரையோ வெட்டி அலாரத்தின் ரிலே வழியாக இணைத்திருப்பார்கள். பெட்டி இல்லாமல் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஆட்டோவில் போகத் தயாராக இருங்கள்.

இன்னொரு சிறு குறிப்பு. மேலே சொன்னதெல்லாம் சிவப்பு வயரில் பிளஸ் வரும் வகைக்கு. சில பெட்டிகளில் சைரனுக்குப் பிளஸ் நிரந்தரமாக இருக்கும், மைனஸைத்தான் பெட்டி விட்டு விட்டுக் கொடுக்கும். அலாரம் ஓடாதபோதே ஒரு வயரில் 12 வோல்ட் இருந்தால் உங்களுடையது அந்த வகை. பல்பை இரண்டு வயருக்கும் நடுவில் மாட்டி அதே வரிசையில் தேடுங்கள்.

காரணமில்லாமல் அலறும் சைரன்

இதில் சைரன் பெரும்பாலும் நிரபராதி. யாரோ பெட்டிக்குத் தவறான தகவல் கொடுக்கிறார்கள், பெட்டி நம்பி அலறுகிறது. யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பல யூனிட்டுகளில் அலாரம் அடித்து முடிந்த பிறகு ரிமோட்டால் திறக்கும்போது எல்.இ.டி. எத்தனை முறை மின்னுகிறது என்பதே துப்பு: இத்தனை என்றால் கதவு, இத்தனை என்றால் ஷாக் சென்சார் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள்.

கையேடு தொலைந்திருந்தால் ஒவ்வொருவராக விலக்குவதுதான் வழி. முதல் இரவு ஷாக் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். அமைதியாக இருந்தால் கள்வன் அகப்பட்டான். சென்சாரில் ஒரு சின்ன திருகு இருக்கும்; அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் மட்டும் அடிக்கும்படி வையுங்கள். லாரி போனாலும், தீபாவளி வெடி வெடித்தாலும், சூடான பானெட்டின் மேல் பூனை குதித்தாலும் அலறும் அளவுக்குத் திருகி வைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. தெரு அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, உண்மையாக ஒருநாள் அடிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காமல் போவதுதான் மிச்சம்.

சென்சார் இல்லாமலும் அலறினால் அடுத்த சந்தேகம் பானெட் சுவிட்ச். மழையும் தூசியும் படும் இடத்தில் ஸ்பிரிங் போட்டு நிற்கும் சின்னக் குமிழ் அது. பானெட் திறந்தால் குமிழ் மேலே எழும்பி, வயரை எர்த்தோடு சேர்க்கும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலும், ஈரமும் மண்ணும் சேர்ந்து பாலம் போட்டாலும், பானெட் திறந்துவிட்டது என்று பெட்டிக்குத் தகவல் போகும். மழை இரவுகளில் மட்டும் அலறும் கார் என்றால் நேராக இங்கேயே வரலாம். எர்த்தைத் தொட்டால் அடிக்கும் வகை என்பதால் வயரைக் கழற்றித் தனியே டேப் சுற்றிவிட்டாலே அந்தச் சுவிட்ச் கணக்கிலிருந்து விலகிவிடும். அந்த இரவு அமைதி என்றால் புது சுவிட்ச் போடுங்கள், மலிவான சாமான்தான். கதவுச் சுவிட்சுகளுக்குக் கருவியே தேவையில்லை. எல்லாக் கதவையும் சாத்தி, மேல்விளக்கை கதவு நிலையில் வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாக அழுத்தியும் ஆட்டியும் பாருங்கள். எந்தக் கதவை ஆட்டும்போது மேல்விளக்கு மினுக்குகிறதோ அதுதான். டிக்கிக் கதவை மறந்துவிடாதீர்கள்.

சாவி போட்ட சைரன்

உள்ளேயே பேட்டரி வைத்த சைரன் தனிப் பிறவி. கார் பேட்டரியின் வயரை வெட்டிவிட்டால் அலாரம் செத்துவிடும் என்பது திருடர்களுக்குத் தெரிந்த பிறகு வந்தது இது. வெளியிலிருந்து வரும் 12 வோல்ட் நின்றவுடன் தன் சொந்த பேட்டரியில் அலறத் தொடங்கும். பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஆதரிக்கும் தாட்சம் அமைப்பின் முதல் பிரிவு அலாரங்களில் இப்படிப்பட்ட சைரன் கட்டாயம். ஐரோப்பிய சொகுசுக் கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதனால்தான் இந்த வகை மாட்டிய வண்டியில் பேட்டரி மாற்றப் போன மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். பேட்டரியைக் கழற்றும் முன் சைரன் சாவியை அணைக்கும் பக்கம் திருப்பவேண்டும். சைரனைப் பொருத்திய அன்றே சாவியைப் பத்திரப்படுத்தாதவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதன் பலவீனம் உள்ளே இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். இன்ஜின் சூட்டில் பல வருடம் கிடந்து அவை வீங்கி, கசிந்து, வெளியேறும் காரம் போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். முதல் தலைமுறை வால்வோ எக்ஸ்.சி.90 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டேஷ்போர்டில் அலாரத்தை சர்வீஸ் செய்யச் சொல்லி வரும் எச்சரிக்கைக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கசிந்த செல்கள்தான். பாதி செத்த செல்கள் இருக்கும்போது சைரன் நேரங்கெட்ட நேரத்தில் முனகும், விட்டு விட்டுக் கத்தும், கார் பேட்டரியையும் மெல்ல உறிஞ்சும்.

திருகுகள் போட்ட சைரனாக இருந்தால் சாவியை அணைத்து, கழற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திறந்து பார்க்கலாம். வெள்ளையும் பச்சைநீலமுமாகப் பூத்திருக்கும். கார் பேட்டரியில் இருப்பது அமிலம் என்பதால் அதன் முனைகளை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுவோம். இங்கே கசிவது காரம் என்பதால் மருந்து தலைகீழ். வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பிரஷால் தேய்த்து, பிறகு சுத்தமான நீரால் துடைத்து, முழுக்க உலரவிட வேண்டும். தடங்கள் மிஞ்சியிருந்தால் அதே வோல்ட்டில் புது செல் கட்டு போட்டுப் பார்க்கலாம். தடங்களே கரைந்துபோயிருந்தால், அல்லது உள்ளே பிசின் ஊற்றி மூடியிருந்தால், நேரத்தை வீணாக்காமல் புதியதை வாங்குங்கள். கம்பெனி சைரன் என்றால் காரின் கம்ப்யூட்டரோடு அதைச் சேர்த்துவைக்க வேண்டியிருக்கும். அது வாசலில் முடிகிற வேலையில்லை. அதேபோல வாரண்டி முடியாத காரில் எந்த வயரையும் வெட்டாதீர்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்க நேரமில்லாமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கலாம். தவறாக அலறும் சைரனைச் சரிசெய்யும்வரை, சாவி வகையென்றால் சாவியை அணைத்துவிட்டு, இன்றிரவே அதன் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். கதவுப் பூட்டும் ஸ்டியரிங் லாக்கும் அது இல்லாமலும் வேலை செய்யும்.